அடைக்கலப் பொருளும் கைத்தொலைபேசியும்

எமது பிள்ளையார் ஆலய ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது, வழமைபோல விநாயகர் வழிபாட்டின் தத்துவம் பற்றி எழுதலாம் என்றே முதலில் எண்ணினேன். தும்பிக்கைக்கும் மோதகத்துக்கும் விளக்கம் எழுதிப் பழகிய கை இது. ஆனால் இரண்டு வருடங்களாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் விடயம் ஒன்று உண்டு. அதனை இந்த மலரில் எழுதாமல் வேறெங்கும் எழுத முடியாது. ஏனெனில் அந்தப் பிழை இந்த மலரிலேதான் தொடங்கியது. அதைச் செய்தவனும் நானே.

2023ஆம் ஆண்டு மலரின் இறுதிப் பக்கங்களை வைத்திருப்பவர்கள் எடுத்துப் பார்க்கலாம். உபயகாரர் பட்டியல் பதினொரு பக்கங்கள். பெயர், தகப்பனார் பெயர், இப்போது வசிக்கும் நாடு, எத்தனையாம் திருவிழா உபயம், கொடுத்த தொகை, தொலைபேசி இலக்கம். இவ்வளவையும் ஒழுங்காகத் தொகுத்து, எழுத்துப்பிழை இல்லாமல் அச்சேற்றியவன் அடியேன். அந்த ஒழுங்கையிட்டு அப்போது பெருமைப்பட்டும் இருந்தேன். பின்னர் எமது இளைஞர் ஒருவர், வெளிநாட்டில் உள்ள அடியார்களும் பார்க்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில், மலர் முழுவதையும் படம்பிடித்து இணையத்தில் ஏற்றிவிட்டார். எல்லோரும் மகிழ்ந்தோம்.

2024ஆம் ஆண்டு கொடியேற்றத்துக்குச் சில வாரங்கள் முன்னதாக, அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் பலருக்கு வட்ஸ்அப்பில் ஒரு செய்தி போயிருக்கிறது. அனுப்பியவரின் படமாக எமது இராசகோபுரம். பெயர் சொல்லி அழைத்து, கடந்த மகோற்சவத்தில் அவர் செய்த உபயத்தையும் சரியாகக் குறிப்பிட்டு, தேர்ச் சில்லு பழுதடைந்துவிட்டது, தேருக்கு முன் மாற்றவேண்டும், கீழ்க்காணும் வங்கிக் கணக்கில் இயன்றதை வைப்பிலிடவும் என்று எழுதியிருந்தது. அடியிலே இன்னொரு வரியும் இருந்தது. நிர்வாகத்துக்குள் சில பிணக்குகள் இருப்பதால் தேர் முடியும்வரை இதுபற்றி எவருடனும் பேசவேண்டாம் என்பது அது.

அந்த வரியை எழுதியவன் எங்கள் ஊரை அறிந்தவனாக இருக்க வேண்டியதில்லை. கோயில் நிர்வாகத்துக்குள் பிணக்கு என்று எந்த ஊருக்கு எழுதினாலும் பொருந்தும். நம்பாதவர் யார்?

வெளிநாட்டில் இருந்த பலர் சந்தேகப்பட்டுப் பொருளாளருடன் பேசினார்கள். சிலர் அனுப்பிவிட்டார்கள். எமது ஊரிலேயே இருக்கும் ஒரு தாயாரும் அனுப்பிவிட்டார். அவரது அனுமதியுடனேயே இதனை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காணமுடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஊரார் தேடவேண்டாம். மாடு வளர்த்துப் பால் விற்றுச் சேர்த்த காசு நாற்பதினாயிரம் ரூபா. பட்டணத்து வங்கியிலே வரிசையில் நின்று வைப்பிலிட்டுவிட்டு, சொன்னபடி ஒருவருக்கும் சொல்லாமல் இருந்திருக்கிறார். தேர் அன்று, தேர் இருப்பிடம் வந்து சேர்ந்த பின்னர், தண்ணீர்ப்பந்தலடியில் என்னைக் கண்டு கேட்டார்.

“மாஸ்ரர், தேர்ச் சில்லுக்கு நான் போட்ட காசு வந்து சேந்ததோ? ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை.”

“எந்தக் காசு தங்கச்சி?” என்றேன்.

கைத்தொலைபேசியை எடுத்துக் காட்டினார். பற்றுச்சீட்டையும் மடித்துச் சீலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தார். நான் விளங்கப்படுத்தி முடிக்கும்வரை பேசாமல் நின்றுவிட்டு ஒரு கேள்வி கேட்டார். “அப்ப நான் பிள்ளையாருக்கெண்டு குடுத்தது பிள்ளையாரிட்டப் போகேல்லையோ?”

முப்பது வருடத்துக்கு மேல் சைவசமயம் படிப்பித்தவன் நான். அந்த இடத்தில் எனக்கு மறுமொழி வரவில்லை.

பின்னர் யோசித்துப் பார்த்தேன். பூசலார் நாயனார் காசில்லாமல் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினார். பல்லவ மன்னன் கல்லினாற் கட்டிய கோயிலின் குடமுழுக்கை வேறொரு நாளுக்குத் தள்ளிவைக்கும்படி இறைவன் கனவில் சொல்லிவிட்டு, திருநின்றவூர் அன்பர் நெஞ்சில் கட்டிய கோயிலுக்கே எழுந்தருளினார் என்பது பெரியபுராணம். எனவே அந்தத் தாயாரின் மனம் போய்ச்சேர வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவரது காசு போகவில்லை. மனம் போய்ச்சேர்ந்தது என்பதற்காகத் திருட்டு திருட்டு அல்லாமற் போய்விடாது. எங்கள் பொருளாளரும் அதை வரவில் எழுத முடியாது.

இப்படியான சம்பவங்களைக் கேள்விப்பட்டால் ஊரிலே உடனே சொல்வது ஒன்றுதான்: “பேராசை, அதுதான் ஏமாந்தது.” சில ஏமாற்றுகளுக்கு அது உண்மைதான். ஆளைச் சேர்த்தால் ஆளுக்கு ஆள் பணம் வரும் என்று சொல்லும் பிரமிட் திட்டங்கள் எமது நாட்டில் வங்கித்தொழிற் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டவை. இலங்கை மத்திய வங்கி அவற்றின் பெயர்களைப் பகிரங்கமாக வெளியிட்டும் வருகிறது. அப்படியிருந்தும் சேருபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எல்லா ஏமாற்றும் ஆசையைப் பிடித்து இழுப்பதில்லை. முகநூலிலே அறிமுகமான வெளிநாட்டு நண்பர் பரிசுப் பொதி அனுப்பியிருக்கிறார், சுங்கத்தில் நிற்கிறது, காசு கட்டினால் விடுவிக்கலாம் என்று வரும் அழைப்பு தனிமையில் இருப்பவரின் பாசத்தைப் பிடிக்கிறது. உங்கள் மகனைப் பொலிஸார் பிடித்துவிட்டனர் என்ற அழைப்பு தாயின் பயத்தைப் பிடிக்கிறது. மனிதருக்குள் இருக்கும் நல்ல குணம் எதுவோ அதுவே கைபிடியாகிவிடுகிறது. அந்தத் தாயாரிடம் பிடிக்கக்கூடியதாக இருந்தது பக்தி ஒன்றுதான்.

பக்தியால் ஏமாந்த ஒருவரை நாங்கள் ஏற்கெனவே நாயனாராக வணங்குகிறோம். திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனார் கதையைக் குருபூசை தோறும் கேட்டவர்கள் தானே நாம். போரில் பலமுறை தோற்ற முத்தநாதன், திருநீறு பூசி, சடைமுடி கட்டி, புத்தகப் பைக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு வந்தான். அடியார் வேடத்தைக் கண்டதும் மன்னர் வணங்கினார். குத்துண்ட பின்னரும் வேடத்தையே மதித்தார். அப்படியானால் ஏமாறுவதும் ஒரு புண்ணியந்தானே, எல்லாவற்றையும் சந்தேகிக்கத் தொடங்கினால் சைவம் என்ன ஆவது என்று சபைக் கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்காகவே அந்தப் புராணத்தை மறுபடியும் எடுத்து ஆறுதலாக வாசித்தேன்.

வாசித்தபோது, நான் வகுப்பிலே ஒரு நாளும் நின்று பார்க்காத இரண்டு இடங்கள் கண்ணிற்பட்டன. முதலாவது, முத்தநாதன் கேட்ட நிபந்தனை. வேறெங்கும் இல்லாத ஆகமம் ஒன்று கொண்டுவந்திருக்கிறேன், அதனைத் தனியிடத்தில் வைத்தே சொல்லவேண்டும் என்கிறான். மன்னர் அரசியாரை அந்தப்புரத்துக்கு அனுப்பிவிடுகிறார். பக்கத்தில் ஒருவரும் இல்லாமற் போன பிறகுதான் பை திறக்கப்படுகிறது. எவருடனும் பேசவேண்டாம் என்று வட்ஸ்அப்பில் வந்த வரியும் இதுதான். இன்று ஏமாற்றுபவன் எந்த வேடத்தில் வந்தாலும், வங்கி உத்தியோகத்தராக வந்தாலும் சாமியாராக வந்தாலும், இந்த ஒன்றை மட்டும் மாற்றுவதில்லை. அரசியாரை முதலில் வெளியே அனுப்பிவிடுவான். மகளிடம் சொல்லாதே, வங்கியில் கேட்டால் வேறு காரணம் சொல், தொலைபேசியை வைக்காதே என்பான்.

இரண்டாவது, தத்தன். கடைசி வாசலில் நின்று, மன்னர் துயில்கிறார், சமயம் அறிந்து போகவேண்டும் என்று தடுத்தவன் அவன் ஒருவனே. முந்திய வாசற்காரர் எல்லோரும் வேடத்தைக் கண்டு வழிவிட்டுவிட்டனர். தத்தன் ஐயப்பட்டதால் சைவத்துக்கு யாதொரு குறையும் வந்ததாகச் சேக்கிழார் சொல்லவில்லை. ஐயப்படுவது வாயிற்காப்போனின் கடமை. எங்கள் வீடுகளிலும் ஒரு தத்தன் இருப்பது நல்லது. அது பேரப்பிள்ளையாகவும் இருக்கலாம்.

எல்லாவற்றையும்விட, மெய்ப்பொருளார் கொடுத்தது தமது உயிரை. அது அவருக்கு உரியது. நான் கொடுத்தது என்ன? பதினொரு பக்கத்தில் இருந்த மற்றவர்களின் பெயர்களையும் இலக்கங்களையும். அவை எனக்கு உரியவை அல்லவே. நம்பிக் கொடுத்த பொருளை நம்பினவன் அறியாமல் வாசலில் வைத்துவிட்டு, அது பக்தி என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அந்தரங்கம் என்பது நகரத்தாருக்கு உரிய பேச்சு, கிராமத்தில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். வேலிக்கு மேலால் கறி மணத்தை வைத்தே என்ன சமையல் என்று சொல்லிவிடுவார்கள்தான். ஆனால் திருநீலகண்ட நாயனார் வீட்டைப் பாருங்கள். தில்லையிலே மண்பாண்டம் வனைந்த குயவனாரும் மனைவியாரும் திருநீலகண்டத்தின் மேல் வைத்த ஆணைக்காக, ஒரே சிறிய வீட்டுக்குள், ஒருவரை ஒருவர் தீண்டாமல் இளமை முழுவதையும் கழித்தார்கள். அயலவர் எவருக்கும் தெரியாது. பின்னர் சிவயோகியார் தந்த திருவோடு மறைந்து, மனைவியின் கையைப் பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்று வழக்கு வந்தபோது, அந்த மறைவான செய்தியை எல்லோரும் கேட்க அவர் தாமே சொன்னார். மறைத்தபோதும் அவர் பொய்யர் அல்லர், சொன்னபோதும் நாணம் கெட்டவர் அல்லர். எப்போது சொல்வது, யாருக்குச் சொல்வது என்பது அவர் கையில் இருந்தது. அந்தரங்கம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. அதே புராணத்திலேயே அடைக்கலப் பொருள் எவ்வளவு பாரம் என்பதும் வருகிறது. ஒரு ஓடுதான். அதைக் காணவில்லை என்றபோது அவர் பட்ட பாடு என்ன!

அர்ச்சனைக்குப் போகும்போது பெயரும் நட்சத்திரமும் இராசியும் குருக்களிடம் சொல்கிறோமே, அதில் என்ன பாதுகாப்பு என்று ஒருவர் கேட்கலாம். குருக்கள் காதால் கேட்கிறார், சுவாமிக்குச் சொல்கிறார், அடுத்த தட்டு வந்ததும் மறந்துவிடுகிறார். சொன்ன காரியம் முடிந்தவுடன் சொல்லும் மறைகிறது. தொலைபேசியில் போட்டது அப்படி மறையாது.

கோயிலில் கொடையாளர் பெயரை எழுதுவது புதிய வழக்கம் அல்ல என்பதும் உண்மை. இராசராச சோழன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் குடியமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும் ஆயிரம் வருடத்துக்கு முன்னரே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. நானும் இதைத்தான் எனக்குள் சமாதானமாகச் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தக் கல்லை வாசிக்க ஒருவன் தஞ்சாவூருக்கு நடந்து போகவேண்டும். போனால் அவனை நாலுபேர் காண்பார்கள். எங்கள் பட்டியலை வாசித்தவன் எந்தத் தேசத்தில் எந்த அறைக்குள் இருந்தான் என்பது இன்றுவரை தெரியாது.

தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும் நாங்கள் கடையிலும் சந்தியிலும் கேட்ட உடனே சொல்லிவிடுகிறோம். பழைய அட்டையின் ஒன்பது இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனோடு ஐந்நூறு கூட்டப்பட்டிருக்கும். 2016இலிருந்து வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க அட்டையில் வருடம் நான்கு இலக்கமாக இருக்கிறது. ஆக, இலக்கத்தைச் சொன்னவர் ஆணா பெண்ணா, எந்த நாளில் பிறந்தவர் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டார். வங்கியிலிருந்து கதைக்கிறோம் என்று ஒருவன் பிறந்த திகதியைச் சரியாகச் சொன்னால் நாங்கள் நம்பிவிடுகிறோம் அல்லவா?

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், எமது ஊரிலேயே மூவருக்கு நடந்தது. தெரிந்தவரின் இலக்கத்திலிருந்தே வட்ஸ்அப்பில் செய்தி வரும். “தவறுதலாக உங்களுக்கு ஆறு இலக்கம் கொண்ட குறுஞ்செய்தி ஒன்று வந்திருக்கும், அதை எனக்கு அனுப்பிவிடுங்கள்” என்று கேட்கும். அந்த ஆறு இலக்கமும் உங்கள் வட்ஸ்அப்பை வேறொரு தொலைபேசியில் திறக்கும் திறப்பு. அனுப்பிய உடனே உங்கள் கணக்கு அவன் கைக்குப் போய்விடும். பிறகு உங்கள் பெயரில் உங்கள் மருமகனிடமும் சம்பந்தியிடமும் அவசரக் கடன் கேட்பான். கேட்டவரும் முன்னர் இதேபோல் பறிகொடுத்தவராகவே இருப்பார். வட்ஸ்அப்பிலேயே இரண்டாவது பூட்டாக உங்களுக்கு மட்டும் தெரிந்த இரகசிய இலக்கம் ஒன்றை வைக்கும் வசதி உண்டு. பிள்ளைகளிடம் கேட்டால் இரண்டு நிமிடத்தில் செய்து தருவார்கள். வங்கியிலிருந்து வரும் ஒருமுறை இலக்கமும் இவ்வாறே. அதை எந்த வங்கியும் உங்களிடம் கேட்காது. இப்போது கணினியின் துணைகொண்டு ஒருவரின் குரலையே போலியாக உண்டாக்கிவிடுகிறார்கள். மகனின் குரல் கேட்டது என்பதற்காகவும் காசு அனுப்பவேண்டாம். வைத்துவிட்டு, உங்களிடம் உள்ள பழைய இலக்கத்துக்கு நீங்களே அழைத்துப் பாருங்கள்.

ஏமாற்றியவனைப் பற்றி எமது இளைஞர்கள் பேசியதை இங்கே எழுத முடியாது. எனக்கும் கோபம் இருந்தது. பின்னர் ஒரு செய்தி படித்தேன். இணைய மோசடி செய்யும்படி பலவந்தமாக அடைத்துவைக்கப்பட்டவர்கள் மியன்மாரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேர் இருக்கலாம் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023 ஓகஸ்ட் மாதம் கணக்கிட்டிருந்தது. கணினி வேலை, நல்ல சம்பளம் என்று அழைத்துச் செல்லப்பட்டு, மியன்மாரின் மியாவாடிப் பகுதியில் அகப்பட்ட இலங்கைப் பிள்ளைகளும் இருந்தார்கள். பின்னர் சிலர் மீட்கப்பட்டார்கள். எங்களுக்குச் செய்தி அனுப்பியவன் அப்படி ஒருவனா, அல்லது குளிரூட்டிய அறையில் இருக்கும் கள்வனா என்பது எனக்குத் தெரியாது. குத்துண்டு கிடந்த மெய்ப்பொருளார், முத்தநாதனை ஊரவர் அடித்துவிடாமல் எல்லைவரை கொண்டுபோய் விட்டுவரும்படி தத்தனிடமே ஒப்படைத்தாரே, அந்த இடம் எனக்கு ஐம்பது வருடமாக விளங்காத இடம். இப்போது சிறிது விளங்குகிறது. ஆனாலும் முறைப்பாடு செய்யவேண்டியதைச் செய்யத்தான் வேண்டும். மன்னித்தல் நாயனாரின் பெருமை. நான் நாயனார் அல்லன்.

தாயாரை அழைத்துக்கொண்டு வங்கிக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் போனோம். முறைப்பாடு எழுதிக்கொண்டார்கள். பணம் திரும்பவில்லை. வைப்பிலிட்ட அன்றே அறிவித்திருந்தால் அந்தக் கணக்கை நிறுத்திப் பார்த்திருக்கலாம் என்றார் ஓர் உத்தியோகத்தர். அவர் குறையாகச் சொல்லவில்லை, ஆனாலும் கேட்க வலித்தது. அன்று அறிவிக்காததற்குக் காரணம் சொல்லாதே என்ற அந்த வரி. பிறகும் சிலகாலம், உண்மையை ஓரளவு ஊகித்த பின்னும், அவர் வாய் திறக்காததற்குக் காரணம் நாங்கள். “ஏமாந்த சோணகிரி” என்று சந்தியில் சிரிப்போம் என்று பயந்திருக்கிறார். சிரித்திருப்போம். அந்தச் சிரிப்பும் கள்வனுக்குச் செய்யும் உபகாரந்தான்.

2022 மார்ச் மாதத்தில் எமது நாட்டில் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பது பற்றிய 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. ஒரு நோக்கத்துக்காகப் பெற்ற விவரத்தை அந்த நோக்கத்துக்கு அப்பால் பயன்படுத்தலாகாது என்பது அதன் உட்கருத்துகளில் ஒன்று. எமது பரிபாலன சபையில் ஒரு சட்டத்தரணி இதை எடுத்துச் சொன்னபோது, கோயிலுக்கு என்ன சட்டம் என்று சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது திருநீலகண்டர் வீட்டு ஓட்டைப் பற்றிய சட்டம் போலவே கேட்டது. உபயத்துக்காகத் தந்த இலக்கம் உபயத்துக்கு மட்டுமே.

ஆகவே இவ்வாண்டு மலரில் உபயகாரர் பட்டியல் நான்கு பக்கங்களாகச் சுருங்கியிருக்கிறது. தொலைபேசி இலக்கம் இல்லை. தொகையும் இல்லை. தொகையை எடுத்ததற்காக இருவர் என்னுடன் இன்னும் கதைக்கிறார்கள் இல்லை, அது வேறு கதை. ஒவ்வொருவரிடமும் பெயர் போடலாமா என்று கேட்டே போட்டோம். வேண்டாம் என்றவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம். ஆலயத்தின் வங்கிக் கணக்கிலக்கம் வசந்த மண்டபத்துக்கு அருகே உள்ள அறிவித்தற் பலகையில் மட்டும் இருக்கும். வட்ஸ்அப்பில் எங்கள் பெயரில் எவர் அனுப்பினாலும், அது நானே ஆனாலும், பொருளாளருடன் நேரில் அல்லது குரலில் பேசாமல் காசு அனுப்பவேண்டாம். 2023 மலரை இணையத்திலிருந்து நீக்கிவிட்டோம். அதற்கிடையில் அதைப் பிரதி எடுத்தவர்களிடம் இருந்து நீக்க எங்களால் முடியாது.

சபையிலே சிலர் சேர்ந்து அந்தத் தாயாரின் நாற்பதினாயிரத்தையும் திருப்பிக் கொடுக்க முன்வந்தார்கள். நானும் என் பங்கைக் கொண்டுபோனேன். அவர் வாங்கவில்லை. “அது பிள்ளையாருக்குக் குடுத்தது மாஸ்ரர், குடுத்ததைத் திருப்பி வாங்கிறதே?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “உங்கட காசைத் தேர்ச் சில்லுக்குப் போடுங்கோ. சில்லு உண்மையாவும் ஆட்டம் கண்டுதான் இருக்கு” என்றார். போய்ப் பார்த்தோம். பின் சில்லு ஒன்று ஆடித்தான் இருந்தது. இவ்வாண்டு அதை மாற்றியிருக்கிறோம்.

இந்த மலரின் உபயகாரர் பட்டியலில் அவருடைய பெயர் இருக்கிறதா என்று வாசகர்களில் சிலர் இப்போது பின்பக்கத்தைப் புரட்டுவீர்கள். பெயரைப் போடுவதா விடுவதா என்று நான் அவரிடம் கேட்டேன். அவர் சொன்னபடி செய்தோம்.